‘மஷிபூ’: பர்மா போய்த் திரும்பிய ஒரு தாத்தாவை வாசித்தல்

1

ஒவ்வொரு குடும்பமும் தன்னைப் பற்றி ஒரு சரித்திரத்தைச் சொல்லிக்கொள்கிறது. அது எந்த இடத்தில் தொடங்குகிறது என்று கவனித்தால் போதும், எதைச் சொல்லாமல் விடுவதற்காக அது சொல்லப்படுகிறது என்பது ஓரளவு பிடிபட்டுவிடும். பொன்னமராவதி வட்டாரத்தில் பர்மா போய் வந்தவர்களின் வீடுகளில் நான் கேட்ட கதைகள் அநேகமாக எல்லாமே 1941 டிசம்பர் 23ஆம் தேதியில் தொடங்குகின்றன. அன்றைக்கு ரங்கூன் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. பிறகு ஓட்டம், காடு, மலை, காலரா, பசி, வழியில் செத்தவர்கள், சிட்டகாங், கல்கத்தா, ரயில், ஊர். கதை முடிந்தது. நாலைந்து மாதத்துக் கதை. அதற்கு முன்னால் அங்கே கழிந்த ஐந்து, பத்து, இருபது வருஷங்கள் ஒரே வாக்கியத்தில் அடங்கிவிடும்: ‘பர்மாவுல இருந்தாரு.’

இருந்து என்ன செய்தார்? இந்தக் கட்டுரை கேட்க விரும்புவது இந்த ஒரு கேள்வியைத்தான்.

என் அய்யா (எங்கள் பக்கம் அப்பாவைப் பெற்றவரை அப்படித்தான் கூப்பிடுவோம்) 1936இல், பதினாலு வயதில், பர்மாவுக்குக் கப்பலேறினார். 1942இல் நடந்து திரும்பினார். 2005இல் அவர் இறந்தபோது எனக்குப் பதினைந்து வயது. அவர் செட்டியார் அல்ல; செட்டியார் வீடுகளை அண்டிப் பிழைத்த பல சாதிகளுள் ஒன்றில் பிறந்தவர். ரங்கூனிலும் பின்பு ஐராவதிக் கழிமுகத்துப் பியாபோனிலும் ஒரு வட்டிக்கடையின் சமையற்கட்டில் எடுபிடியாக இருந்தார். கொஞ்சம் வளர்ந்ததும் வசூலுக்குப் போகிறவருக்குத் துணையாகப் பெட்டி தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்.

முதலாளியாக இருந்திருந்தால் அவருடைய படம் ஏதாவதொரு வீட்டு முகப்பில் தொங்கியிருக்கும். துறைமுகக் கூலியாக இருந்திருந்தால் நமது இடதுசாரி எழுத்தில் அவருக்கு ஓர் இடம் கிடைத்திருக்கும். அவர் இரண்டுக்கும் நடுவில் பெட்டியோடு நின்ற ஆள். மூலதனம் அவருடையதில்லை, ஆனால் அதைத் தலையில் சுமந்தவர் அவர். புலம்பெயர்தல் பற்றி நாம் பேசிவரும் பேச்சில் இப்படிப்பட்டவர்களுக்கு மொழி இல்லை. அதனாலேயே அவரை வாசிப்பது நமக்கு உபயோகமானது என்று நினைக்கிறேன்.

2

இந்த வட்டாரத்திலிருந்து ஆட்கள் ஏன் கடல் கடந்தார்கள் என்பதற்குச் சொல்லப்படும் வழக்கமான பதில் ‘வானம் பார்த்த பூமி’ என்பது. அது பொய்யில்லை. பழைய புதுக்கோட்டை சமஸ்தானத்தின் இந்த ஓரத்தில் பெரிய ஆறு என்று எதுவும் கிடையாது. கண்மாய் நிறைந்தால் நெல், நிறையாவிட்டால் பட்டினி. ஆனால் வறட்சி ஒருவனை ஊரைவிட்டுத் துரத்தலாமே தவிர, எங்கே போவது என்று வழிகாட்டாது. அந்த வழியைக் காட்டியது மூலதனம்.

1852இல் ஆங்கிலேயர் கீழ்ப் பர்மாவைப் பிடித்தார்கள். 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. ஐராவதிக் கழிமுகத்துக் காடுகள் வெட்டப்பட்டு உலகச் சந்தைக்கான நெல்வயல்களாயின. காடு வெட்ட, மாடு வாங்க, நடவாளுக்குக் கூலி கொடுக்க, வரி கட்ட என்று பர்மிய விவசாயிக்கு ரொக்கம் தேவைப்பட்டது. வெள்ளைக்காரன் நடத்திய வங்கிகள் அவனுக்குக் கடன் கொடுக்கத் தயாராக இல்லை; அவை நகரத்தில் உட்கார்ந்துகொண்டு நாட்டுக்கோட்டைச் செட்டியார்களுக்குக் கொடுத்தன. செட்டியார்கள் அதோடு தம் சொந்தப் பணத்தையும், உறவினர் பணத்தையும், கோயில் பணத்தையும் சேர்த்துக் கழிமுகம் முழுக்கக் கொண்டுபோய் இறக்கினார்கள். விளைந்த நெல்லை வாங்கி அரைத்துக் கப்பலேற்றும் பெரிய ஆலைகள் ஸ்டீல் பிரதர்ஸ் போன்ற பிரிட்டிஷ் கம்பெனிகளிடம் இருந்தன. ஆக இந்தச் சங்கிலியின் இரண்டு முனைகளும் வெள்ளைக்காரன் கையில்; நடுக் கண்ணி நம்மவர்கள் கையில். விவசாயியின் கண்ணுக்குத் தெரிந்தது நடுக் கண்ணி மட்டும்தான்.

1929-30இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு கணக்கெடுத்தபோது பர்மாவில் 1,600க்கும் மேற்பட்ட செட்டியார் கடைகள் இருந்தன. அவற்றில் புழங்கிய மூலதனம் ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என்று குழு மதிப்பிட்டது. அதில் பெரும்பகுதி விவசாயக் கடன். அன்றைய 75 கோடி என்றால் என்ன என்பதைச் செட்டிநாட்டு வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண்களைக் கட்டிப்பிடித்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த அமைப்பின் உள்கட்டமைப்பைக் கவனிக்க வேண்டும். முதலாளி வலையபட்டியிலோ மேலைச்சிவபுரியிலோ குழிபிறையிலோ இருப்பார். கடையை நடத்துபவர் ஏஜெண்டு; மூன்று வருஷத் தவணை, பெண்டாட்டி பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அவருக்குக் கீழே அடுத்தாள். அதற்கும் கீழே கணக்குப் பழகும் பெட்டியடிப் பையன். இவ்வளவு பேரும் பெரும்பாலும் சொந்த சாதி, பல நேரம் சொந்த பந்தம். அதற்கும் கீழே சமையல்காரர், அவருக்கும் கீழே எடுபிடி. ரங்கூன் மொகல் தெருக் கிட்டங்கிகளில் ஒரே கூடத்தில் பல கடைகள் பெட்டி போட்டு உட்கார்ந்திருக்கும். அந்தக் கூடத்துக்குள் விளக்குமாற்றையும் தண்ணீர்ச் செம்பையும் தவிர வேறெதையும் கையில் எடுத்துக்கொண்டு போனதில்லை என்று அய்யா சொல்வார்.

தமிழ்க் கிராமத்துச் சாதிப் படிநிலை அப்படியே கடல் தாண்டிப் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்த கதையாக இதை வாசிக்கலாம். சரியான வாசிப்புத்தான், விளிம்புநிலை பற்றிப் பேசுகிற யாரும் இப்படித்தான் வாசிப்பார்கள். ஆனால் அந்த வாசிப்பு கிட்டங்கியின் வாசற்படியோடு நின்றுவிடுகிறது. படிக்கு உள்ளே எடுபிடியாக இருந்த பையன் படிக்கு வெளியே, கழிமுகத்து வயற்காட்டில், யாராக இருந்தான்?

3

எங்கள் வீட்டில் ஒரு பர்மியச் சொல் உண்டு: ‘மஷிபூ.’ மிட்டாய்க்குக் காசு கேட்டால் அய்யா இரண்டு கையையும் விரித்து ‘மஷிபூ’ என்பார். நாங்களும் கற்றுக்கொண்டோம். பானையில் சோறில்லை என்றால் அப்பத்தா ‘மஷிபூடா’ என்று சிரிக்கும். அர்த்தம் ‘இல்லை.’ ஆறு வருஷம் அந்த நாட்டில் இருந்தவர் கொண்டுவந்த பர்மிய மொழி மொத்தத்தில் எங்களுக்கு வந்து சேர்ந்தது இந்த ஒரு சொல்தான். தொண்ணூறுகளில் பிறந்த ஒரு பிள்ளைக்கு அது விளையாட்டுச் சொல்.

ஒரு மனிதன் அந்நிய மொழியில் எந்தச் சொல்லை முதலில் கற்கிறான், எதைக் கடைசிவரை மறக்காமல் இருக்கிறான் என்பது தற்செயல் அல்ல. தண்ணீர், சோறு, வழி என்ற சொற்களை ஒருவன் தன் தேவைக்காகக் கற்கிறான். ‘இல்லை’ என்ற சொல்லை எதிரே நிற்பவன் திரும்பத் திரும்பச் சொல்வதால் கற்கிறான். யார் சொன்னார்கள்? எதை இல்லை என்று சொன்னார்கள்? அய்யாவே ஒருமுறை சொன்னார்: “அறுப்பு முடிஞ்சதும் சம்பான்ல போவோம். களத்துக்கே போயிருவாக அடுத்தாள். அந்தக் கெழவன் தூரத்துல எங்களப் பாத்ததுமே குந்திருவான். நாம ஒண்ணுமே கேக்கல, அதுக்குள்ள மஷிபூம்பான். நெல்லு மஷிபூ, காசு மஷிபூ.”

இந்தக் காட்சியை அதன் வருஷத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1929இன் உலகப் பொருளாதார நெருக்கடியில் நெல் விலை சரிந்தது. 1930-31இல் பாதிக்கும் கீழே போனது. கடன் அப்படியே நின்றது, வரி அப்படியே நின்றது. ஈடாக எழுதிக்கொடுத்த நிலம் கை மாறியது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்களிடம் இருந்தது மொத்த விளைநிலத்தில் 6 சதவீதம். 1938இல் அது 25 சதவீதம். ஏக்கரில் சொன்னால், சுமார் 5 லட்சத்து 70 ஆயிரத்திலிருந்து 24 லட்சத்து 68 ஆயிரத்துக்கு. எட்டே வருஷத்தில் நாலில் ஒரு பங்கு நிலம். தமிழ்நாட்டின் எந்த மிட்டாவும் ஜமீனும் இந்த வேகத்தில் நிலம் சேர்த்ததாக நான் படித்ததில்லை.

அய்யா போய் இறங்கிய 1936இல், அந்தக் ‘கெழவன்’ பெரும்பாலும் கடனாளி என்ற நிலையையும் கடந்துவிட்டவன். தன்னுடையதாக இருந்த நிலத்திலேயே குத்தகைக்காரனாக உட்கார்ந்திருப்பவன். நம் அடுத்தாளும் பெட்டி தூக்கும் பையனும் அவனிடம் வாங்கப் போனது வட்டியை அல்ல, வாரத்தை. இந்த வித்தியாசம் குடும்பக் கதையில் இல்லை. ‘மஷிபூ’ என்ற சொல்லில் இருக்கிறது.

செட்டியார்களின் தரப்பும் இங்கே பதிவாக வேண்டும். அவர்களை வில்லனாக்கிவிட்டு நாம் கைகழுவிக்கொள்ள முடியாது. உள்ளூர் பர்மிய லேவாதேவிக்காரர்களைவிடச் செட்டியார் வட்டி குறைவு என்று அந்த விசாரணைக் குழுவே எழுதியது. அவர்கள் நிலத்தை விரும்பியவர்களும் அல்லர். ரொக்கம் சுழல வேண்டும் என்பதே அவர்கள் தொழிலின் உயிர். விற்க முடியாத நிலம் கையில் வந்து தேங்கியது அவர்களுக்கும் நஷ்டம்தான். ஆனால் இந்த வாதம் அவர்களை விடுவிக்கும் அதே நேரத்தில் வேறொன்றை அம்பலப்படுத்துகிறது. தனிமனிதக் கொடுமை தேவையில்லாமலே ஒரு தேசத்தின் நிலம் கைமாற முடியும். ஒற்றைப் பயிர், லண்டனில் முடிவாகும் விலை, ரொக்க வரி, நில ஈடு இந்த நான்கும் போதும். யாரும் கெட்டவனாக இருக்க வேண்டியதில்லை. பெட்டி தூக்கிய பையனும் கெட்டவனாக இருக்கவில்லை.

எதிர்வினை எப்படி வந்தது என்பதும் தெரிந்ததுதான். 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குக் கூலித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் இடத்தில் பர்மியரை வேலைக்கு எடுத்தார்கள், வேலைநிறுத்தம் முடிந்ததும் பர்மியரை வெளியேற்றினார்கள். கலவரம் வெடித்தது. செத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தியக் கூலிகள். அதே வருஷம் டிசம்பரில் தராவடியில் சாயா சான் தலைமையில் விவசாயிகளின் கிளர்ச்சி; 1931 நவம்பரில் அவரைத் தூக்கில் போட்டது பிரிட்டிஷ் அரசு. நிலம் போனவனின் கோபத்தில் நியாயம் இருந்தது. அந்தக் கோபம் போய் விழுந்த இடத்தில் நியாயம் இல்லை. 75 கோடியின் மீது விழ வேண்டிய அடி மூட்டை தூக்கியவன் முதுகில் விழுந்தது.

4

குடிபெயர்ந்த தாத்தாவை நினைவுகூர்வது இன்று உலகம் முழுக்க ஒரு எழுத்து வகையாகிவிட்டது. அதன் முன்மாதிரி அமெரிக்காவிலிருந்து வருகிறது. ஒரு கிரேக்கத் தாத்தாவை எடுத்துக்கொள்வோம். 1890களில் உலர்திராட்சை விலை சரிந்து பெலொப்பொனீஸ் பகுதியின் விவசாயம் நொடிந்தது. ஆண்பிள்ளைகள் கப்பலேறினார்கள். நியூயார்க்கில் எல்லிஸ் தீவில் இறங்கிய சிறுவர்கள் பலர் ‘பத்ரோன்’ என்ற தரகு முதலாளியிடம் போய்ச் சேர்ந்தார்கள். சொந்த நாட்டான், பல நேரம் சொந்த ஊர்க்காரன். விடிந்ததிலிருந்து இருட்டும்வரை பூட்ஸ் துடைக்கும் கடையில் வேலை. 1909 பிப்ரவரியில் தெற்கு ஒமாஹாவில் கிரேக்கர் குடியிருப்பை ஒரு கும்பல் கொளுத்தி அவர்களை ஊரைவிட்டே விரட்டியது. 1924ஆம் வருஷக் குடியேற்றச் சட்டம் ஆண்டுக்கு 100 கிரேக்கர்களுக்குத்தான் அனுமதி என்றது.

அந்தப் பேரப்பிள்ளை இன்று தாத்தாவைப் பற்றி எழுதும்போது கதை சுலபமாக வடிவம் பெறுகிறது. கப்பல், தீவு, பூட்ஸ் பாலிஷ், அவமானம், பிறகு ஒரு சின்ன ஓட்டல், பிறகு பிள்ளைகளின் படிப்பு. போன இடத்தில் தாத்தா அடித்தட்டில் இருந்தார். ஆகவே அவருடைய துன்பத்தைச் சொல்வதே அந்த நாட்டின் அநீதியைச் சொல்வதாகவும் ஆகிவிடுகிறது. நினைவும் நியாயமும் ஒரே பக்கத்தில் நிற்கின்றன.

நம் ஆட்களைப் பார்த்தால் ஒற்றுமைகள் கண்ணில் படுகின்றன. விலைச்சரிவு, வறண்ட ஊர், சொந்த ஊர்க்காரனிடமே வேலை, கலவரம், குடியேற்றத் தடை எல்லாம் இருக்கின்றன. பத்ரோனிடம் மாட்டிய கிரேக்கப் பையனும் கிட்டங்கி எடுபிடியும் அண்ணன் தம்பி மாதிரி. ஆனால் அந்த அச்சில் இந்தக் கதையை வார்க்கப் பார்த்தால் ஓரிடத்தில் உடைகிறது. கிரேக்கப் பையன் அமெரிக்கனின் பூட்சைத் துடைத்தான். அமெரிக்கனின் நிலப் பத்திரம் அடங்கிய பெட்டியைத் தூக்கவில்லை. அய்யா தன் கடைக்குள் அடித்தட்டு, பர்மியனின் களத்தில் மேல்தட்டு. ஒரே நாளில், ஒரே சம்பளத்தில், ஒரே உடம்பில் இரண்டும்.

பர்மாவில் அதிகாரியாக இருந்த ஃபர்னிவால் காலனியச் சமூகத்தைப் ‘பன்மைச் சமூகம்’ என்று பெயரிட்டு விளக்கினார்: பல இனத்தார் அருகருகே வாழ்கிறார்கள், கலப்பதில்லை, சந்தையில் மட்டுமே சந்திக்கிறார்கள். இதோடு ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தச் சந்தையில் மக்கள் சமமாகச் சந்தித்துக்கொள்ளவில்லை. கடன் கொடுத்தவனாகவும் வாங்கியவனாகவும் சந்தித்தார்கள். தமிழில் பேசத் தெரிந்த எல்லோரும், வட்டிக்கடை வாசலில் நின்ற எடுபிடி உட்பட, பர்மியனின் பார்வையில் ஒரே ‘கலா’. நம் பார்வையிலும் எல்லோரும் ஒரே ‘தமிழன்’. இரண்டு பார்வைகளும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. மூலதனத்தையும் கூலியையும் ஒரு பெயருக்குள் போட்டு மூடுகின்றன.

5

இப்போது நடைக்கு வருவோம். நடையைச் சிறுமைப்படுத்துவது என் நோக்கம் அல்ல. 1942இல் பர்மாவிலிருந்து நாலு முதல் ஐந்து லட்சம் இந்தியர்கள் வெளியேறினார்கள். வழியில் இறந்தவர்களை யாரும் எண்ணவில்லை. மதிப்பீடுகள் பத்தாயிரத்திலிருந்து ஐம்பதாயிரத்துக்கும் மேல்வரை போகின்றன. ஹியூ டிங்கர் 1975இல் இதுபற்றி எழுதியபோது ‘மறக்கப்பட்ட நெடும்பயணம்’ என்றுதான் தலைப்பிட்டார். தமிழில் வெ. சாமிநாத சர்மா தன் வழிநடைப் பயணத்தைத் தனி நூலாகவே எழுதிவைத்தார்.

அய்யா போனது தெற்கு வழி. புரோம் வரை வந்து, ஐராவதியைக் கடந்து, அரக்கான் மலைத்தொடரை நடந்து தாண்டி தௌங்குப், அங்கிருந்து படகில் அக்யாப், பிறகு சிட்டகாங். மலைப்பாதையில் தண்ணீரில்லை, காலரா இருந்தது. “முன்னால போறவன் உக்காந்தா எந்திரிக்க மாட்டான். நம்ம தாண்டிப் போகணும்” என்பார். அதற்கு மேல் அந்த இடத்தைப் பற்றிப் பேசமாட்டார்.

ஆனால் நடந்தவர்கள் யார்? எல்லா ‘தமிழரும்’ நடக்கவில்லை. குண்டு விழுந்த மறுவாரங்களில் கப்பல்கள் போய்க்கொண்டுதான் இருந்தன. டிக்கெட் பணம் உள்ளவனுக்கு. கூலிகள் ஏறும் மேல்தளப் பயணத்தை அரசாங்கம் அடைத்தது, துறைமுக வேலைக்கு ஆள் வேண்டும் என்பதற்காக. அய்யாவின் கடை ஏஜெண்டு பேரேடுகளையும் பத்திரங்களையும் எடுத்துக்கொண்டு கப்பலில் முன்னாலேயே போய்விட்டார். அடுத்தாளும் சமையல்காரரும் அய்யாவும் நடந்தார்கள். வடக்கு வழியில், மணிப்பூர் எல்லையில் தமுவுக்கு அப்பால், வெள்ளையருக்கு ஒரு பாதை, இந்தியருக்கு ஒரு பாதை என்று பிரித்துவிட்டிருந்தார்கள். ஆக, ‘நாம் பட்ட பாடு’ என்று சொல்லப்படும் இந்த நடைக்குள்ளேயே நிறமும் வர்க்கமும் வரிசை பிரித்து நடந்திருக்கின்றன.

இன்னொன்று. வழிப்பறிக்காரர்களைப் பற்றியும், தண்ணீரை விலைக்கு விற்ற கிராமத்தார் பற்றியும் அய்யா பலமுறை சொன்னதுண்டு. புரோமுக்கு இந்தப் பக்கம் ஒரு பர்மியக் கிழவி மூன்று பேருக்கும் சோறு போட்டு, இருட்டியதும் போகச் சொல்லி அனுப்பியதை ஒரே ஒருமுறைதான் சொன்னார், அதுவும் வேறெதையோ பேசிக்கொண்டிருந்தபோது. குடும்பம் முதல் வகைக் கதைகளை மனப்பாடம் செய்துகொண்டது. இரண்டாவதைத் தவறவிட்டது. பாதிக்கப்பட்டவனின் கதையாடலுக்கு அந்தக் கிழவி தேவைப்படவில்லை.

6

பிறகு நடந்தவை சுருக்கமாக. 1948 ஜனவரியில் பர்மா விடுதலை பெற்றது. அந்த வருஷமும் பின்னர் 1953இலும் கொண்டுவரப்பட்ட நில தேசியமயச் சட்டங்கள் செட்டியார் நிலங்களை எடுத்துக்கொண்டன. நிலம் விவசாயியிடம் திரும்பியதா என்றால், உடைமை அரசிடம் போனது. உழுதவன் அரசின் கீழ் உழுதான். 1962இல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964இல் கடைகள் தேசியமயமாயின, பெரிய நோட்டுகள் செல்லாமல் போயின. அந்தப் பத்தாண்டில் வெளியேறிய மூன்று லட்சம் பேரளவிலான இந்தியர்களில் பெரும்பாலோர் வட்டிக்கடைக்காரர்கள் அல்லர். சிறு வியாபாரிகள், தொழிலாளிகள், அங்கேயே பிறந்தவர்கள். நகைநட்டைக்கூடக் கொண்டுவர முடியாமல் வந்தவர்கள். தமிழ்நாட்டின் பல ஊர்களில் இருக்கும் பர்மா காலனிகளும் சென்னை பர்மா பஜாரும் அவர்களுடைய மிச்சம். 1982ஆம் வருஷக் குடியுரிமைச் சட்டம் 1823க்கு முன்பே அங்கிருந்த இனங்களைச் சேர்ந்தவர்களுக்கே முழு உரிமை என்றது. பெகு பக்கம் இன்றும் நிலம் உழுதுகொண்டிருக்கும் தமிழர்களின் தலையில் அந்தச் சட்டம் விழுந்தது. ரோஹிங்யாக்களை அது நாடற்றவர்களாகவே ஆக்கியது. 2017இல் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்யாக்கள் வங்காளதேசத்துக்கு ஓடினார்கள், 1942இல் அய்யா வெளியேறிய அதே அரக்கான் மண்ணிலிருந்து.

இந்த வரிசையைக் கவனியுங்கள். நிலத்தை எடுத்த மூலதனம் முதலிலேயே கப்பலேறிப் போய்விட்டது. அது விட்டுப்போன வெறுப்பை அனுபவித்தவர்கள் மாறி மாறி வந்த ஏழைகள். இலங்கையிலும் இதன் சாயல் உண்டு. 1948ஆம் வருஷக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது, தேயிலைக்கு முதல் போட்ட கம்பெனிகளை அல்ல, கொழுந்து பறித்த மலையகத் தமிழர்களை. ‘அந்நியன்’ என்ற சொல் எப்போதும் பணத்தை விட்டுவிட்டு ஆளைப் பிடித்துக்கொள்கிறது. அதை எதிர்க்க வேண்டுமானால் நாமே நம் கதைக்குள் பணம் எது, ஆள் யார் என்று பிரித்துச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

இங்கே நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம்? ஒருபக்கம், பர்மாத் தேக்குத் தூண்களும் இத்தாலியப் பளிங்கும் உள்ள வீடுகள் பாரம்பரியச் சின்னங்கள் என்றும் தங்கும் விடுதிகள் என்றும் சினிமாவுக்கான களம் என்றும் புதுவாழ்வு பெறுகின்றன. தூணைக் காட்டுபவர்கள் அது பர்மாவிலிருந்து வந்தது என்று பெருமையாகச் சொல்கிறார்கள். எப்படி வந்தது என்பது அங்கே கேட்கப்படாத கேள்வி. இன்னொருபக்கம், தமிழன் போன இடமெல்லாம் பட்ட துன்பம் என்று மேடை தோறும் பட்டியல் வாசிக்கிறோம். அதில் பர்மா நடைக்கும் ஒரு வரி உண்டு. முதலாவது பெருமைக் கதையாடல், இரண்டாவது துயரக் கதையாடல். இரண்டிலும் களத்தில் குந்தியிருந்த அந்தக் கிழவன் இல்லை.

இலக்கியத்தில் மட்டும் சில கீறல்கள் தெரிகின்றன. இந்த ஊருக்குப் பக்கத்துச் சிங்கம்புணரியிலிருந்து 1938இல் மெடானுக்குக் கடை வேலைக்குப் போன ப. சிங்காரம் ‘கடலுக்கு அப்பால்’, ‘புயலிலே ஒரு தோணி’ என்ற இரண்டு நாவல்களை விட்டுச்சென்றார். வட்டிக்கடைப் பையன்களின் உலகத்தை உள்ளிருந்து, சுயபரிதாபம் இல்லாமல் எழுதிய தமிழ் எழுத்து அதுதான். மேலைச்சிவபுரியில் 1917இல் பிறந்த வ.சுப. மாணிக்கம் சிறுவயதில் ரங்கூன் வட்டிக்கடைக்கு வேலைக்குப் போனவர். வருமானவரி அதிகாரி வந்தால் முதலாளி இல்லை என்று சொல் என்றபோது பொய் சொல்ல மறுத்து வேலையை இழந்தார் என்பது அவரைப் பற்றிச் சொல்லப்படும் கதை. தமிழ் படித்தவர்களுக்கெல்லாம் தெரிந்த கதை. வட்டிக்கடையைச் சுற்றி அப்படிப் பார்த்தால் இரண்டு ‘இல்லை’கள் இருந்திருக்கின்றன. கூடத்துக்குள் இருந்துகொண்டே முதலாளி சொல்லச் சொன்ன ‘இல்லை’ ஒன்று. அது தமிழில் நீதிக்கதையாகி நிலைத்துவிட்டது. களத்தில் நின்று விவசாயி சொன்ன ‘மஷிபூ’ இன்னொன்று. அதற்குத் தமிழில் பதிவு இல்லை. எங்கள் வீட்டில் மிட்டாய் வேடிக்கையாகத்தான் மிஞ்சியது.

பொன்னமராவதிக்குப் பக்கத்தில் மகிபாலன்பட்டி. கணியன் பூங்குன்றனார் பிறந்த பூங்குன்றம் அதுதான் என்று இந்த வட்டாரமே பெருமைப்படுகிறது. அந்தப் புறநானூற்றுப் பாட்டைச் சொல்லாத மேடை உலகத் தமிழர் மேடையே அல்ல. எல்லா ஊரையும் தன் ஊர் என்று ஒருவன் சொல்லும்போது, அங்கே ஏற்கெனவே இருப்பவன் அதை எப்படிக் கேட்டான் என்று நாம் விசாரித்ததில்லை. கையில் ஒன்றுமில்லாமல் வந்து சொல்பவனின் வாயில் அது உறவு. பத்திரத்தோடு வந்து சொல்பவனின் வாயில் அது உரிமைக் கோரிக்கை. கணியனுக்கு இந்தச் சிக்கல் இல்லாமல் இருந்திருக்கலாம். 24 லட்சம் ஏக்கருக்குப் பிறகு பிறந்த நமக்கு இருக்கிறது.

வேலைத்திட்டமாகச் சொன்னால் இரண்டு உண்டு. ஒன்று, இந்த வட்டாரத்தில் முதலாளிமார் வரலாறு எழுதப்பட்ட அளவுக்கு எடுபிடிகளின், சமையல்காரர்களின், வண்ணார் நாவிதர்களின் கடல்கடந்த வாழ்க்கை எழுதப்படவில்லை. போனவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் சொல்லக் கேட்டவர்கள் இன்று எழுபது வயதில் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் உட்கார்ந்து, நடையைப் பற்றிக் கேட்ட பிறகு, நடைக்கு முந்திய வருஷங்களைப் பற்றிக் கேட்க வேண்டும். என்ன வேலை, யாரிடம் வசூல், எவ்வளவு, கொடுக்காதவனை என்ன செய்தார்கள், அங்கே யாரோடு பழகினார்கள் என்று.

இரண்டாவது, அகதிகளுக்காகவும் நாடற்றவர்களுக்காகவும் பேசுகிற நாம் ‘எங்கள் தாத்தாவும் அகதிதான்’ என்ற ஒரே அடையாளத்தை வைத்துக்கொண்டு பேச முடியாது. அது பாதி உண்மை. மீதிப் பாதியையும் சேர்த்துச் சொல்லும்போதுதான் ஒரு பர்மிய வாசகனும் கேட்கக்கூடிய பேச்சாக அது ஆகும். அய்யா அகதியாக நடந்தார். அதற்கு முன் ஆறு வருஷம் பெட்டி சுமந்தார். இரண்டையும் செய்தவர் ஒரே ஆள். இரண்டுக்கும் அவருக்குக் கிடைத்த கூலி சொற்பம். அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு உரிமையில்லை; தியாகியின் பீடத்தில் ஏற்றவும் மனமில்லை. அந்தப் பெட்டிக்குள் என்ன இருந்தது என்பதைச் சரித்திரமாக எழுதிவைப்பது, அதைத் தூக்கியவரின் வாரிசுகள் செய்ய வேண்டிய வேலை. திறந்து பார்த்தால் அதில் முதலாளியின் கணக்கு மட்டுமல்ல, களத்தில் குந்தியிருந்த கிழவனின் பாக்கியும் இருக்கும்.